சிறிய வீட்டில் கைக்குழந்தை: எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்பதற்கான முழுமையான வழிகாட்டி

குழந்தை பிறக்கப்போகிறது என்று தெரிந்ததும் நம் கைக்கு வரும் பொருள் பட்டியல்கள் பெரும்பாலும் குழந்தைக்கென்று ஒரு தனி அறை இருப்பதாக எண்ணிக்கொண்டு எழுதப்பட்டவை. தொட்டிலுக்கு ஒரு மூலை, உடை மாற்றும் மேசைக்கு ஒரு சுவர், பாலூட்டும் நாற்காலிக்கு ஒரு சன்னலோரம் என்று அவை அடுக்கிக்கொண்டே போகும். ஓர் அறையிலோ இரண்டு சிறிய அறைகளிலோ வாழும் குடும்பம் அந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிட்டு வாங்கினாலும் வீடு நிரம்பிவிடும். எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் போதாது, தேர்ந்தெடுக்கும் முறையே வேறாக இருக்க வேண்டும். என் கருத்தில், சிறிய வீட்டில் குழந்தைக்கு எல்லாவற்றையும் விட அதிகம் தேவைப்படுவது காலியான தரை. முதல் மாதங்களில் குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கிப் பழகவும், பிறகு புரளவும், தவழவும், எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கவும் குழந்தைக்குத் தரைதான் வேண்டும். ஆகவே தரையில் இடம்பிடிக்கும் ஒவ்வொரு பொருளும் அந்த இடத்துக்கு ஈடான பயனைத் தருகிறதா என்று கேட்டபின் அதை வீட்டுக்குள் கொண்டுவருவது நல்லது.

முதல் படி: வாங்குமுன் அளப்பது

கடைக்குப் போவதற்கு முன் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். நீங்கள் உறங்கும் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி, கட்டிலுக்கு அடியிலுள்ள உயரம், வாசற்கதவின் அகலம், மாடிப்படி திரும்பும் இடத்தின் அகலம், லிஃப்ட் இருந்தால் அதன் உள்ளளவு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அலமாரிக் கதவுகளை முழுவதும் திறந்து வைத்து அளக்க வேண்டும். மூடிய கதவோடு அளந்த இடத்தில் தொட்டிலைப் போட்ட பிறகு அலமாரி பாதிதான் திறக்கும் என்று தெரியவருவது வழக்கமாக நடக்கும் தவறு.

ஐரோப்பாவில் பரவலாக விற்கும் தொட்டில் மெத்தை 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் கொண்டது, அமெரிக்க முழு அளவு மெத்தை ஏறக்குறைய 131 செ.மீ.க்கு 69 செ.மீ. இருக்கும். சட்டத்தையும் சேர்த்தால் இரண்டுமே இன்னும் சில சென்டிமீட்டர் கூடும். அந்த அளவில் பழைய செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, இரண்டு மூன்று நாள் அதை மிதிக்காமல் நடமாடிப் பாருங்கள். இரவில் விளக்குப் போடாமல் அதைச் சுற்றிக் குளியலறைக்குப் போய்வர முடிந்தால் அந்த இடம் சரியானது. எந்த விற்பனையாளரின் அறிவுரையை விடவும் இந்தத் தாள் உண்மையைச் சொல்லும்.

அளந்து முடித்தபின் ஒவ்வொரு பொருளிடமும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: நாளுக்கு எத்தனை மணி நேரம் பயன்படும், எத்தனை மாதம் பயன்படும். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் உறங்குகிறது. ஆகவே உறங்குமிடம் முதலிடம் பெறுகிறது. குளியல் சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஆகவே குளியலுக்கென்று நிரந்தரமாக இடம் ஒதுக்குவது வீண். இந்த இரண்டு கேள்விகளையும் நேர்மையாகக் கேட்டால் கடைப் பட்டியலில் பெரும்பகுதி தானே உதிர்ந்துவிடும்.

இரண்டாம் படி: உறங்குமிடத்தை முடிவு செய்வது

சிறிய வீடு குழந்தைக்குக் குறை என்று வருந்துகிறவர்கள் இதை அறிந்தால் ஆறுதல் பெறுவார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரைகளின்படி, முதல் ஆறு மாதங்களாவது குழந்தை பெற்றோரின் அறையிலேயே, அவர்கள் கட்டிலுக்கு அருகில், ஆனால் தனக்கென்ற தனிப் பரப்பில் உறங்குவது நல்லது. தனி அறை இருக்கும் வீட்டாரும் முதல் அரையாண்டுக்கு அதைப் பயன்படுத்த வேண்டியதில்லை என்பதே இதன் பொருள்.

அந்தத் தனிப் பரப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதில்தான் கவனம் தேவை. மெத்தை உறுதியாகவும் சமதளமாகவும் இருக்க வேண்டும்; கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் தங்கக் கூடாது. மெத்தைக்கும் தொட்டில் சட்டத்துக்கும் நடுவில் இரண்டு விரலுக்கு மேல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அந்த மெத்தை அந்தத் தொட்டிலுக்குரியதன்று. கம்பிகளுக்கு இடையே ஆறு செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. குழந்தையை எப்போதும் மல்லாந்த நிலையில் படுக்கவைத்து, தலையணை, கனத்த போர்வை, பொம்மை, தொட்டிலின் உட்புறம் கட்டும் மெத்தைத் தடுப்பு ஆகிய எதையும் உள்ளே வைக்காமல் இருப்பதே பாதுகாப்பான முறை. மிருதுவாக இருந்தால் குழந்தைக்குச் சுகம் என்று நமக்குத் தோன்றுவது இயல்பு. ஆனால் முகம் புதையும் மிருது மூச்சை அடைத்துவிடும், அதிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வலு பிஞ்சுக் கழுத்துக்கு இல்லை.

இனி எந்த வகை என்பதற்கு வருவோம். கூடை போன்ற சிறு தொட்டில் அழகானது, இடம் குறைவாக எடுக்கும், தூக்கி நகர்த்தவும் எளிது. ஆனால் குழந்தை புரளவோ கைகளை ஊன்றி எழும்பவோ தொடங்கியதும் அதன் காலம் முடிந்துவிடும், பெரும்பாலும் நான்கைந்து மாதத்தில் அது நடந்துவிடும். பிறகு பெரிய தொட்டிலையும் வாங்க வேண்டும், சிறியதை எங்காவது அடைத்துவைக்கவும் வேண்டும். செய்தித்தாள் சோதனையில் இடம் கிடைத்த வீட்டார் கூடைத் தொட்டிலைத் தாண்டி, நேரே முழு அளவைவிடச் சிறிய சிற்றளவுத் தொட்டிலையோ மடக்கு தொட்டிலையோ வாங்கிவிடுவது நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. கட்டிலோரம் ஒரு முழத்துக்குமேல் இடமே இல்லாதவர்களுக்கு மட்டும் கூடைத் தொட்டில் பொருந்தும். அதையும் தெரிந்தவர்களிடம் இரவலாகப் பெற முடிந்தால், அதன் உறுதியையும் தயாரிப்பாளர் குறித்த எடை வரம்பையும் சரிபார்த்துப் பயன்படுத்தலாம்.

மடக்கு தொட்டில் பகலில் மடங்கிச் சுவரோரம் நின்றுவிடும் என்பதால், அதன் இடத்தைத் தரை திரும்பப் பெறுகிறது. அதை அன்றாடம் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். அதனுடன் வரும் மெல்லிய மெத்தை போதாது என்று எண்ணி மேலே இன்னொன்றைப் போட வேண்டாம். வலைச் சுவருக்கும் அந்தக் கூடுதல் மெத்தைக்கும் நடுவே குழந்தை சிக்கிக்கொள்ளக்கூடும். நிலையான தொட்டில்தான் வேண்டும் என்றால் அடியில் இழுப்பறை உள்ளதைத் தேர்ந்தெடுப்பது துணிகளுக்கென்று தனி அலமாரி வாங்குவதைத் தவிர்க்கும். மெத்தையின் உயரத்தைப் படிப்படியாக இறக்கும் வசதியும் இருக்க வேண்டும்.

பழைய தொட்டில் கிடைத்தால் மகிழ்ச்சியோடு வாங்கிவிடாதீர்கள். பக்கச் சட்டம் மேலும் கீழும் இறங்கும் வகைத் தொட்டில்களைக் குழந்தைகள் இறந்ததன் காரணமாக அமெரிக்கா 2011இல் தடைசெய்தது. மெத்தைத் தடுப்புகளும், 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளும் அங்கே 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டன. சட்டம் வேறு நாட்டினது என்றாலும் ஆபத்து எல்லா வீட்டுக்கும் பொதுவானது. திருகாணி ஒன்று குறைந்தாலோ பெயின்ட் உரிந்திருந்தாலோ, எவ்வளவு விலைக் கழிவு தந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இடம் குறைந்த வீட்டில் தொட்டிலை வைக்கும் மூலைதான் பெரும்பாலும் சிக்கல். சன்னல், திரைச்சீலைக் கயிறு, மின்கம்பி, ஹீட்டர் ஆகியவற்றிலிருந்து அது விலகியிருக்க வேண்டும்; தலைக்குமேல் அலமாரிப் பலகையோ சட்டமிட்ட படமோ இருக்கக் கூடாது. பகலில் துவைத்த துணிகளைத் தொட்டிலில் குவித்துவைக்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே கைவிட்டுவிடுங்கள். அரைத் தூக்கத்தில் குழந்தையைக் கிடத்தும்போது ஒரு துணி உள்ளே கிடந்துவிடுவது மிக எளிது.

மூன்றாம் படி: பால், உணவு

பாலூட்டுவதற்கென்று தனி நாற்காலி தேவையில்லை. முதுகுக்குச் சாய்மானமும் கைக்கு உயரமும் தரும் சாதாரண நாற்காலியும் வீட்டிலுள்ள ஒரு தலையணையும் போதும். பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் குடிக்கும் என்பதால், உட்காருமிடம் வசதியாக இருப்பது முக்கியம். புதிய மரச்சாமான் முக்கியமன்று. தாய்ப்பாலைப் பிழிந்தெடுக்கும் பம்ப் தேவைப்படுமா என்பது பிறந்து சில வாரம் கழித்துத்தான் தெரியும், ஆகவே முன்கூட்டி வாங்க வேண்டாம்.

புட்டிப்பால் கொடுப்பவர்கள் மூன்று நான்கு புட்டிகளோடு தொடங்கலாம். அவற்றைக் கிருமிநீக்கம் செய்ய மின்சாதனம் வாங்கினால் அது சமையல் மேடையில் நிரந்தரமாகக் குடியேறும். மூடியுள்ள ஒரு பெரிய பாத்திரத்தில் புட்டியும் ரப்பர் காம்பும் முழுவதும் மூழ்கும்படி பத்து நிமிடம் கொதிக்கவைத்தால் அதே வேலை நடக்கும். பால்மாவு கலக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள், ஏனெனில் மாவு கிருமியற்றதன்று. கலந்தபின் ஆறவைத்துக் கொடுக்க வேண்டும்.

உணவு நாற்காலி ஆறு மாதத்துக்கு முன் தேவையே இல்லை. திட உணவு தொடங்கும் வேளையும், குழந்தை ஓரளவு உட்காரும் வேளையும் அப்போதுதான் வரும். நான்கு கால் பரப்பி நிற்கும் பெரிய உணவு நாற்காலியைவிட, வீட்டிலுள்ள நாற்காலியோடு வாரால் கட்டிக்கொள்ளும் சிறிய இருக்கை சிறிய வீட்டுக்குப் பொருத்தமானது. சாப்பாடு முடிந்ததும் அதே நாற்காலியில் பெரியவர் உட்காரலாம். இடுப்பையும் தொடைநடுவையும் பிடிக்கும் வார்கள் அதில் இருக்கின்றனவா, அடிநாற்காலி அசையாமல் நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நான்காம் படி: சுத்தம் செய்வதும் குளிப்பாட்டுவதும்

உடை மாற்றும் மேசையைத் தயங்காமல் தவிர்த்துவிடலாம். அது இடத்தை எடுப்பதோடு, குழந்தை புரளத் தொடங்கியதும் உருண்டு விழக்கூடிய உயரமாகவும் மாறுகிறது. துடைத்தெடுக்கக்கூடிய ஒரு விரிப்பைத் தரையில் போட்டு மாற்றினால் விழுவதற்கு இடமே இல்லை. தரையில் குனிய முடியாதவர்கள், குறிப்பாக அறுவைச் சிகிச்சையில் பெற்றவர்கள், கட்டிலின் நடுவில் விரிப்பைப் போட்டு, ஒரு கையைக் குழந்தையின் மேல் வைத்துக்கொண்டே மாற்றலாம். டயப்பர், துடைப்புத் துணி, களிம்பு, ஒரு மாற்றுடை ஆகியவற்றைக் கைப்பிடியுள்ள ஒரு கூடையில் போட்டுவைத்தால் மாற்றுமிடம் வீட்டில் எங்கு வேண்டுமானாலும் அமையும்.

துணி நாப்கினா, பயன்படுத்தி எறியும் டயப்பரா என்ற விவாதத்தில் சிறிய வீட்டாருக்கு முடிவு சொல்வது துணி உலர்த்தும் கொடி. பிறந்த குழந்தைக்கு நாளொன்றுக்குப் பத்துக்கு முன்பின் நாப்கின் மாற்ற வேண்டியிருக்கும். காற்றும் வெயிலும் படும் இடத்தில் அத்தனையையும் உலர்த்த முடிந்தால் துணியே நல்லது; அறைக்குள்ளேயே உலர்த்த வேண்டியிருந்தால் ஈரப்பதம் சுவரில் பூஞ்சணமாக இறங்கும். பகலில் துணியும் இரவில் டயப்பருமாகப் பிரித்துக்கொள்வது பல குடும்பங்களுக்கு ஒத்துவருகிறது. எறியும் டயப்பரை மொத்தமாக வாங்கினால் மலிவு என்றாலும், முதல் அளவு சில வாரங்களிலேயே சிறிதாகிவிடும். வைக்க இடமில்லாத வீட்டில் அந்தச் சேமிப்புக்குப் பொருளில்லை.

குளியல் தொட்டி வாங்குவதானால் மடங்குவதையோ ஆணியில் மாட்டுவதையோ வாங்குங்கள். தண்ணீர் ஏறக்குறைய உடல் வெப்பத்தில், 37 டிகிரி அளவில் இருக்க வேண்டும். தண்ணீருக்குள் குழந்தையை உட்காரவைக்கும் இருக்கைகள் பாதுகாப்புச் சாதனங்கள் அல்ல; அவை கவிழக்கூடும். சில சென்டிமீட்டர் ஆழமே குழந்தை மூழ்கப் போதுமானது, அதுவும் ஓசையின்றி நடந்துவிடும். ஆகவே கதவு தட்டினாலும் கைபேசி ஒலித்தாலும் குழந்தையை எடுத்துக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். தவழும் வயது வந்ததும் தண்ணீர் நிறைந்த வாளியைத் தரையில் விட்டுவைக்காதீர்கள், ஏனெனில் எட்டிப் பார்க்கும் குழந்தையை அதன் தலைப்பாரமே உள்ளே கவிழ்த்துவிடும்.

ஐந்தாம் படி: வெளியே போகும்போது

மாடிப்படி ஏறி இறங்கும் வீட்டில், முதல் மாதங்களுக்கு உடலோடு அணைத்துக் கட்டிக்கொள்ளும் சுமப்புத் துணியோ சுமப்புப் பையோ ஸ்ட்ரோலரைவிடப் பயன்படும், மடித்தால் ஓர் இழுப்பறையில் அடங்கிவிடும். கட்டிய பிறகு நான்கைச் சரிபாருங்கள்: முகம் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும், தலையைக் குனிந்தால் முத்தமிடும் உயரத்தில் குழந்தை இருக்க வேண்டும், அதன் மோவாய் மார்பில் அழுந்தாமல் மூச்சுப் பாதை திறந்திருக்க வேண்டும், தொடைகள் தாங்கப்பட்டு முழங்கால்கள் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து விரிந்திருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது இடுப்பு மூட்டு சரியாக வளர்வதற்கானது; கால்கள் நேராகத் தொங்கும் பையை வாங்காதீர்கள்.

ஸ்ட்ரோலரை ஓட்டிப் பார்த்து வாங்குவதைவிட மடக்கிப் பார்த்து வாங்குவது முக்கியம். ஒரு கையில் குழந்தை இருக்கும்போது மறு கையால் மடக்க முடிகிறதா, மடக்கியபின் சாயாமல் தானே நிற்கிறதா, அதைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி ஏற முடிகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். எங்கள் முதல் குழந்தைக்கு நாங்கள் வாங்கிய பெரிய வண்டி வாசற்கதவில் நுழைந்தது, ஆனால் உள்ளே திரும்ப இடமில்லாமல் பல மாதம் மாடிப்படிக்குக் கீழேயே நின்றது. அளவுநாடாவைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவே காரணம். பிறந்த குழந்தையைக் கிடத்துவதானால் முதுகுப்பகுதி முழுவதும் சமமாகச் சாய வேண்டும்.

காரில் போகிறவர்களுக்குக் கார் சீட்டில் சமரசம் கிடையாது. குழந்தைகளுக்கான கார் சீட்டுகள் பற்றிய ஐக்கிய நாடுகள் அவையின் ஆர்129 விதிமுறையின்படி குறைந்தது 15 மாதம்வரை குழந்தை பின்னோக்கி அமர வேண்டும். இருக்கையின் வரம்பு அனுமதிக்கும்வரை அதற்குப் பிறகும் அப்படியே வைப்பது நல்லது, ஏனெனில் மோதலின்போது பிஞ்சுக் கழுத்தின் மேல் விழும் விசையை இருக்கையின் முதுகு முழுவதும் வாங்கிக்கொள்கிறது. விபத்தில் சிக்கியதா என்று உறுதியாகத் தெரியாத பழைய சீட்டையும், காலாவதி தேதி கடந்ததையும் வாங்கக் கூடாது. பிறப்பிலிருந்து நான்கு வயதுவரை பயன்படும் வகை, அடுத்த சீட்டை வாங்கும் தேவையைத் தள்ளிப்போடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வீட்டில் இடமில்லை என்பதற்காகக் கழற்றிக் கொண்டுவந்த கார் சீட்டையே உறங்குமிடமாக்காதீர்கள். சாய்ந்த இருக்கையில் தலை முன்னால் தொங்கி மூச்சு தடைபடலாம்.

ஆறாம் படி: உடைகள்

குழந்தை ஏறக்குறைய ஐந்து மாதத்தில் பிறந்த எடையின் இரு மடங்கையும், ஒரு வயதில் மூன்று மடங்கையும் எட்டுகிறது. முதல் ஆண்டில் 25 செ.மீ. அளவுக்கு நீளம் கூடுகிறது. எனவே பிறந்த அளவில் ஆறேழு உடைகளும், அடுத்த அளவில் அதே எண்ணிக்கையும் போதும். பரிசு தருவோர் கேட்டால், ஆறு மாதத்துக்குப் பிந்திய அளவைச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: வேண்டாம் என்று சொல்ல வேண்டியவை

சக்கரம் வைத்த வாக்கரை எந்த வீட்டுக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அது நடையைக் கற்றுத்தருவதில்லை. நடக்கக் கற்க வேண்டிய குழந்தைக்குத் தன் பாதத்தைப் பார்க்கவும் தானாக விழுந்து எழவும் வேண்டும், வாக்கர் இரண்டையும் தடுக்கிறது. மேலும், பெரியவர் எட்டிப் பிடிப்பதற்குள் குழந்தையைப் படிக்கட்டுக்கும் அடுப்புக்கும் கொண்டுபோய்விடுகிறது. கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. சிறிய வீட்டில் அந்த ஆபத்துகள் எல்லாம் சில அடிகளுக்குள்ளேயே இருக்கின்றன.

ஊஞ்சல் இருக்கை, பவுன்சர் எனும் சாய்ந்தாடும் சிறு இருக்கை ஆகியவற்றில் வேண்டுமானால் மடங்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். சமைக்கும் சில நிமிடங்களுக்குக் குழந்தையைக் கண்ணெதிரே கிடத்த அது உதவும். அங்கேயே தூங்கிவிட்டால் தூக்கிச் சமதளத்தில் மாற்றிவிட வேண்டும். அழுகை எல்லா மூலைக்கும் கேட்கும் வீட்டில் கண்காணிப்புக் கருவிக்கு வேலையில்லை. துடைப்புத் துணியைச் சூடாக்கும் பெட்டி, டயப்பருக்கென்ற தனிக் குப்பைத்தொட்டி போன்றவற்றை இல்லாமல் ஒரு மாதம் வாழ்ந்து பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

எட்டாம் படி: வாங்கியதை எங்கே வைப்பது

தரையை விடுவிக்க நாம் சுவரை நாடுவோம். உயரமான அலமாரி வரும். எழுந்து நிற்கப் பழகும் குழந்தை இழுப்பறைகளைப் படிகளாக்கி ஏறும், அலமாரி அதன் மேல் சாயும். ஆகவே உயரமான மரச்சாமான் ஒவ்வொன்றையும் சுவரில் உலோகப் பட்டையால் பிணைத்து, கனமானவற்றை அடித்தட்டில் வையுங்கள். இதைத் தவழும் காலத்துக்கு முன்பே செய்துவிட வேண்டும். மருந்து, பட்டன் பேட்டரி, சோப்புத்தூள் ஆகியவற்றுக்குப் பூட்டுள்ள மேல்தட்டு ஒன்றை ஒதுக்குங்கள். பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் புண்படத் தொடங்கலாம் என்பதால், சந்தேகம் வந்தவுடன் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

பிறப்பதற்கு முன் வீட்டில் இருக்க வேண்டியவை உறங்குமிடம், சில உடைகள், ஒரு சிறு கட்டு நாப்கின் அல்லது டயப்பர், விரிப்பு, கார் இருந்தால் கார் சீட், அவ்வளவுதான். மற்றவற்றைக் குழந்தையின் வளர்ச்சி கேட்கும்போது வாங்கலாம். புதிது ஒன்று உள்ளே வரும் நாளில் காலம் முடிந்த ஒன்று வெளியே போகட்டும். குழந்தை உட்காரத் தொடங்கியதும் தொட்டில் மெத்தையை ஒரு படி இறக்குங்கள், பிடித்து நிற்கத் தொடங்குமுன் அடிமட்டத்துக்கு இறக்குங்கள். குழந்தையின் உயரம் 89 செ.மீ.யை எட்டினாலோ, அதற்கு முன்பே சட்டத்தின் மேல் கால்போட்டு ஏற முயன்றாலோ, அன்றே தொட்டிலைக் கழற்றிவிட்டுத் தாழ்வான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள்.